பதின்மூன்று இன்னிங்ஸ்

பேஸ்பாலில் எனக்குப் பிடித்ததே அதற்குக் கடிகாரம் கிடையாது என்பதுதான். கால்பந்து தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். இதில் இரண்டு அணியும் சமமாக நின்றால், யாராவது ஒருவர் முந்தும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு வருகிறவர்களுக்கான ஆட்டம் இல்லை அது.

தஸ்லீமாம்மா, போலீஸில் பர்மிய மொழியில் சொன்னதை ஒதுக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதித் தரச் சொன்னீர்கள். வக்கீலிடம் மறைத்தால் வழக்கு நிற்காது என்றும் சொன்னீர்கள். எழுதுகிறேன். நடுவில் எங்காவது நான் சந்தோஷமாக எழுதுவதுபோல் தோன்றினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய ஆட்டம் அப்படி. இந்த அறையில் தனியாக உட்கார்ந்து எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. காவலுக்கு நிற்கும் பையன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டான்.

இந்த ஆட்டத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கார் உதிரிபாகம் விற்க வந்த ஒரு ஜப்பானியர். ஜப்பானில் போர் முடிந்து ஊரே இடிந்து கிடந்தபோது, செங்கல் குவியலை ஒதுக்கிவிட்டு அவருடைய அப்பா ஆடிய ஆட்டமாம். நாங்கள் அவரை சயா என்று கூப்பிடுவோம், வாத்தியார் என்ற அர்த்தத்தில். அவர் எங்கள் பேட்டை லத்தாவில் கடைத்தெருப் பையன்களுக்கு ஒரு அணியும், நகரத்துக்கு வடக்கே மிங்கலாடோனில் பழைய ரயில்வே குடும்பத்துப் பையன்களுக்கு ஒரு அணியும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் போன மறு வாரமே இரண்டு அணிக்கும் பகை வந்துவிட்டது. நல்ல பகை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கொள்வோம், மய்யத்துக்கும் துக்கத்துக்கும் போய் நிற்போம், ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள், தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

லத்தா அணிக்கு நான்தான் மேனேஜர். பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவனுக்கு பேஸ்பால் எதற்கு என்று என் மனைவி ஹாஜரா இருபது வருஷமாகக் கேட்கிறாள். கோப்பை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு அலுமினியக் கெட்டில். பதினோரு வருஷமாக அது மிங்கலாடோனில் தேவராஜின் டீக்கடையில் இருந்தது. நாங்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் தேவராஜ் வேண்டுமென்றே அதில்தான் டீ ஊற்றுவார். டீ நன்றாகத்தான் இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

பதினோரு வருஷத்தில் கடைசி ஆறு வருஷத்துக்குக் காரணம் ஒரே ஒருவன். பிரேம்நாத். எலக்ட்ரீஷியன், வயது இருபத்தைந்து, இடது கைக்காரன். அவன் பந்து எறிந்தால் வருவது தெரியாது. பிடிக்கிறவனின் கையுறையில் டப்பென்று சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் பையன்களின் மட்டை நகரும். என் மகன் ஆசிக் அவனுக்கு எதிராகப் பதினெட்டு முறை மட்டையோடு நின்றிருக்கிறான். ஒரு முறைகூடப் பந்தைத் தொட்டதில்லை. ஆசிக் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். அவனும் பிரேம்நாத்தும் அப்படி ஒரு சிநேகிதம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே தட்டில் மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். எனக்குத்தான் தொண்டையில் இறங்காது.

இந்த வருஷம் திருவிழா முடிந்ததும் ஆசிக் மலேசியா போகிறான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிரேம்நாத்தும் தாய்லாந்துக்குப் போவதாக இருந்தான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற இந்தக் காலத்தில் அந்த வயதுப் பையன்கள் யார் இங்கே இருக்கிறார்கள்? இரண்டு அணியிலும் ஒன்பது பேர் சேர்ப்பதே பாடாக இருந்தது. அடுத்த வருஷம் ஆட்டம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். என் பிள்ளை ஒரு தடவைகூட ஜெயிக்காமல் கப்பலோ விமானமோ ஏறக் கூடாது என்று நினைத்தேன். இதில் தப்பென்ன என்று எந்தத் தகப்பனிடமும் கேட்டுப் பாருங்கள்.

மைதானம் ஷ்வேப்யிதாவில் மூடிப்போன ஒரு தையல் ஃபேக்டரியுடையது. அதன் சுவரை ஒட்டித்தான் என் பருப்புக் கிடங்கு. கிடங்கு முற்றத்தில் ஒரு கண்டெய்னர் கிடக்கிறது, கப்பலில் வருமே, அந்த இரும்புப் பெட்டி. அன்று காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலையாட்கள் இல்லை. காவல்காரருக்கு நானே லீவு கொடுத்திருந்தேன்.

அந்தக் கண்டெய்னருக்கு ஒரு ஃபேன் மாட்ட வேண்டும், எங்கே ஓட்டை போடலாம் என்று பார்த்துச் சொல் என்று பிரேம்நாத்திடம் முந்தின நாளே சொல்லி வைத்தேன். ஆட்டத்துக்கு முன்னால் வந்து பார்ப்பதாகச் சொன்னான். யார் என்ன வேலை சொன்னாலும் முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. பத்தரை மணிக்கு வந்தான். மிங்கலாடோனில் முந்தின ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை என்று சொல்லி, போனை என் வேனில் சார்ஜுக்குப் போட்டான். பிறகு உள்ளே ஏறி, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

நான் கதவைச் சாத்தினேன். இவ்வளவு லேசாகச் சாத்த முடியும் என்று நான் நினைக்கவில்லை. கம்பியை இறக்கிப் பூட்டைப் போட்டேன்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "பாரி மாமா, வெளயாடாதீங்க. மணி பத்தே முக்கா ஆவுது."

"ரெண்டு மணி நேரம் பொறுத்துக்க தம்பி," என்றேன். "ஏழு இன்னிங்ஸ் முடிஞ்சதும் நானே வந்து தொறந்து விடறேன்."

சிரிப்பு நின்றது. பிறகு, "ஆசிக்குக்கு இது தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.

"அப்ப யாபாதே," என்றான். பரவாயில்லை என்பதற்கு நம் பிள்ளைகள் எல்லோரும் இப்போது அப்படித்தானே சொல்கிறார்கள். அவன் கோபப்படவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் முன்கூட்டியே வைத்திருந்தேன். அவனுக்கு இனிப்பு பிடிக்காது என்பதால் உப்பு பிஸ்கட்டாகப் பார்த்து வாங்கினேன். கெடுதல் நினைக்கிறவன் இதையெல்லாம் பார்த்து வாங்குவானா?

பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்க வேண்டும். மிங்கலாடோன் மேனேஜர் செல்லையா, ரயில்வேயில் ரிடையரான மனுஷர், வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிரேம்நாத்தின் தங்கை ராணிதான் அவர்கள் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவள். அவள் அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். போன் என் வேனில் சீட்டுக்கு அடியில் இருந்தது. சத்தத்தை நான் முன்பே நிறுத்திவிட்டேன். பிரேம் வராமல் ஆட வேண்டாம், காத்திருக்கலாம் என்று ஆசிக் சொன்னான். அவனை நான் அதட்டி உட்கார வைத்தேன். கால் மணி நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், செல்லையா டீக்கடை தேவராஜைப் பந்து எறியச் சொன்னார்.

தஸ்லீமாம்மா, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேவராஜுக்கு வயது நாற்பத்தேழு. தொப்பை அவருக்கு முன்னால் நடந்துவரும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்து எறியும் மேட்டில் ஏறினார். எங்கள் பையன்கள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இன்றைக்கு இருபது ரன் என்று. அவர் முதல் பந்தை எறிந்தார். அது வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அது வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். எங்கள் பையன்கள் ஆறு வருஷமாக பிரேம்நாத்தின் பந்துக்காகவே பயிற்சி செய்தவர்கள். எல்லோரும் பந்து பாதி வழியில் இருக்கும்போதே மட்டையைச் சுற்றிவிட்டு, சுற்றின வேகத்தில் தாங்களே விழுந்தார்கள். மூன்று பேர் வரிசையாக விழுந்தார்கள். மைதானமே சிரித்தது. ராணிகூட நோட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நாங்கள் எறிந்த பந்தை அவர்களும் சரியாக அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் அன்று அப்படி ஒரு அழகான மோசம். நாலாவது இன்னிங்ஸில் எங்கள் நசீர் அடித்த பந்தை ஒரு தெருநாய் கவ்விக்கொண்டு ஓடி லாரிக்கு அடியில் படுத்துவிட்டது. மிங்கலாடோன்காரர்கள் எட்டு பேரும் லாரியைச் சுற்றி மண்டி போட்டு நாயைக் கெஞ்சினார்கள். அதற்குள் நாங்கள் இரண்டு ரன் ஓடிவிட்டோம். அம்பயர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நீண்ட நேரம் யோசித்து, நாயும் மைதானத்தைச் சேர்ந்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னார். சாலையில் போன பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து ஆட்டத்தைப் பார்த்தார்.

நான் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அடிப்பதுதான். மூன்றாவது இன்னிங்ஸிலேயே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. டொம், டொம் என்று இரண்டு இரண்டாக. நான் அதற்கு ஏற்றமாதிரி மூன்று அடித்தேன். அவன் இரண்டு, நான் மூன்று. தாளம் நன்றாகவே சேர்ந்தது. ஃபேக்டரிக் குடியிருப்புப் பெண்கள் அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ராணி என்னிடம் வந்து, "அந்தப் பக்கம் என்ன மாமா சத்தம்?" என்று கேட்டாள். லோடு இறக்குகிறார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்டாள். பருப்புக்கு ஏது ஞாயிறு என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

எங்கள் ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்தான், ஆனால் ஏழும் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று.

போலீஸில் நான் சொன்னது இதுதான்: ஆட்டம் நீண்டுபோனது, அந்தச் சந்தோஷத்தில் பையனை மறந்துவிட்டேன். எழுதிக்கொண்டவர்கூடத் தலையை ஆட்டினார். நம்பக்கூடியதாகத்தான் இருந்தது. ஆனால் உங்களிடம் சொல்கிறேன், நான் மறக்கவில்லை. ஏழு இன்னிங்ஸ் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லை மறக்கிற ஆள் நான் இல்லை. இடைவேளையில் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். கையில் ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கூட இருந்தது.

மணி ஒன்றேகால். கண்டெய்னர் மேல் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். ஏப்ரல் வெயில் உங்களுக்குத் தெரியாததா? என் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் தட்டுவதை நிறுத்தினான்.

"ஸ்கோர் என்ன மாமா?" என்று கேட்டான்.

நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை அது. மூணுக்கு மூணு என்றேன். யார் எறிகிறார்கள் என்று கேட்டான். தேவராஜ் என்றேன். உள்ளே அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. நானும் வெளியே நின்று சிரித்தேன். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

பிறகு அவன் சொன்னான். "தண்ணி தீந்துபோச்சு மாமா. கண்ணு இருட்டுது. தொறந்து விடுங்க. நான் எறிய மாட்டேன். சத்தியமா ஓரமா ஒக்காந்து பாக்கறேன்."

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அவனைப் பார்த்ததும் செல்லையா சும்மா விடுவாரா? ராணி விடுவாளா? ஆசிக்கே அவனைக் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போவான். அந்தப் பிள்ளைக்குத்தான் முடியாது என்று சொல்லத் தெரியாதே. அவனுடைய சத்தியத்தை மற்றவர்கள் உடைக்க விடக் கூடாது என்று நினைத்தேன்.

"இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ் தம்பி," என்றேன்.

கதவைத் திறக்காமல் தண்ணீர் கொடுக்க வழியில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பாட்டிலில் இருந்ததை நானே குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. எட்டாவதில் யாருக்கும் ரன் இல்லை. ஒன்பதாவதில் இல்லை. பத்தாவதில் அவர்கள் ஒன்று எடுத்தார்கள். முடிந்தது கதை என்று நான் டின்னைக் கழற்றி வைத்துவிட்டேன். அடுத்த ஐந்தாவது நிமிடம் நாங்களும் ஒன்று எடுத்தோம். நாலுக்கு நாலு. ஒல்லிப்பிச்சான் இக்பால், அவனால் பேசாமல் பத்தடி நடக்க முடியாது, செருப்பு அறுந்த காலோடு ஓடி வந்து புழுதியில் மார்பால் சறுக்கினான். எழுந்தபோது பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரிந்தது. பகைவர்களும் கை தட்டினார்கள். செல்லையா வந்து என் தோளில் கை போட்டு, "இந்த மாதிரி ஒன்னு நான் பாத்ததே இல்ல பாய்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் அப்படித்தான். தேவராஜ் ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவருக்கு யாரோ விசிறினார்கள். கரும்புச்சாறுக்காரர் வண்டியை மைதானத்துக்கு உள்ளேயே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணத்தன்றுகூட நான் இப்படி ஆடியதில்லை.

பதினொன்றாவது இன்னிங்ஸில் நான் மூன்று அடித்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு வரவில்லை. மறுபடி மூன்று அடித்தேன். வரவில்லை. பிள்ளை ஒருவழியாகச் சமாதானமாகித் தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்பாடா என்று இருந்தது. அதன் பிறகு என் தாளத்தை என் இஷ்டத்துக்கு அடிக்க முடிந்தது.

பன்னிரண்டாவதில் ராணி மறுபடி வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. அண்ணன் இப்படிச் சொல்லாமல் இருக்கிறவன் இல்லை, போலீஸில் பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ என்றாள். இப்போது யாருக்குமே முதலில் அந்தப் பயம்தானே வருகிறது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவள் தலையில் கை வைத்து, "ஒன்னும் ஆயிருக்காதும்மா, ஆட்டம் முடிஞ்சதும் நானே ஒன்ன அவங்கிட்ட கூட்டிட்டுப் போறேன்," என்றேன். அவள் என்னை நம்பி நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் அவளிடம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பதின்மூன்றாவது இன்னிங்ஸ். அவர்கள் ஒன்றும் எடுக்கவில்லை. எங்கள் முறை வந்தது. இரண்டு பேர் அவுட். நசீர் மூன்றாவது முனையில் நிற்கிறான். ஆசிக் மட்டையை எடுத்தான். முதல் பந்துக்கு முன்கூட்டியே சுற்றி ஏமாந்தான். இரண்டாவதுக்கும் அப்படியே. பிறகு ஒரு நிமிடம் விலகி நின்று, கண்ணை மூடித் திறந்தான். தேவராஜ் எறிந்தார். பந்து வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆசிக் நின்றான். என் பிள்ளை அசையாமல் நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு பொறுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அடித்தான். பந்து தேவராஜின் தலைக்கு மேலே போய், யாருடைய கைக்கும் எட்டாமல், புல்லில் மெதுவாக உட்கார்ந்தது. நசீர் நடந்தே வந்திருக்கலாம். ஓடி வந்தான்.

ஐந்துக்கு நான்கு.

என்னைத் தூக்கிக்கொண்டார்கள். செல்லையாவே கெட்டிலை என் கையில் கொடுத்தார். அந்தப் போட்டோவை நீங்கள் கோப்பில் பார்த்திருப்பீர்கள், மூன்று இருபதுக்கு எடுத்தது. கதவைத் திறந்தது நாலு ஐந்துக்கு. நடுவில் முக்கால் மணி நேரம் என்ன செய்தாய் என்று போலீஸில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கரும்புச்சாறு குடித்தேன், மூன்று டம்ளர். எல்லோரோடும் கை குலுக்கினேன். ஆட்டத்தை முதலிலிருந்து இரண்டு முறை பேசினோம். கூட்டம் கலையட்டும் என்றும் காத்திருந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் வெளியே வருவது அந்தப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும்.

பிறகு அவன் போனை வேனிலிருந்து எடுத்துக்கொண்டேன். முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தது. ராணியிடமிருந்து நாற்பத்தொரு கால். முற்றத்துக்குத் தனியாகத்தான் போனேன். ஆசிக் எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறான்.

கதவைத் திறந்தபோது பிரேம்நாத் கதவில் சாய்ந்தபடி இருந்திருக்கிறான். என் காலடியில் சரிந்தான். சட்டையைக் கழற்றித் தலையில் கட்டியிருந்தான். இடது கை விரல்களின் முட்டி எல்லாம் தோல் போயிருந்தது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. நான் குனிந்து, அவன் காதருகே, "அஞ்சுக்கு நாலு தம்பி, ஆசிக் அடிச்சான்," என்றேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

பின்னால் ஆசிக், "வாப்பா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். போலீஸுக்குப் போன் செய்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் என்னிடம் பேசவில்லை. மலேசியா டிக்கெட்டைக் கிழித்துவிட்டு மிங்கலாடோனில் பிரேம்நாத் வீட்டு வாசலிலேயே கிடக்கிறான் என்று ஹாஜரா சொன்னாள். கெட்டிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

வாக்குமூலத்தில் நான் செய்ததை என்ன பெயரில் எழுதுவது என்று கேட்டீர்கள். அடைத்தவன் நான். சாவி என் கையில் இருந்தது. சத்தம் நின்றதைக் கேட்டவனும் நான். கொலை என்று எழுதுகிறார்களா, எழுதட்டும், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்றைய ஆட்டத்தில் லத்தா அணி ஏமாற்றி ஜெயித்தது என்று ஆசிக் செல்லையாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாமே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.